பாட்டியின் ஈயச் சொம்பு ஏன் உருகியது?



எனக்கு அப்போது 12 வயது. பாட்டி வெளியே கறிவேப்பிலை பறித்துக்கொண்டிருந்தார். ரசம் வைக்க உதவி செய்யலாம் என்று நினைத்து, நான் ஈயச் சொம்பை எடுத்து வெறுமையாகவே கேஸ் அடுப்பில் வைத்துத் தீயைப் பற்றவைத்தேன். பிறகு புளியைக் கரைக்கத் திரும்பினேன். மீண்டும் அடுப்பைப் பார்த்தபோது சொம்பின் அடிப்பகுதி காணவில்லை. அடுப்பின் மேல் பாதரசம்போல் பளபளவென்று ஏதோ வழிந்துகொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் பாட்டி ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

"ஈயச் சொம்ப வெறுமனே அடுப்புல வைக்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அது சாதாரணச் சொம்பு இல்லை. பாட்டி இளம் வயதில் சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால்வெட்டும் வேலை செய்தவர். பின்னேரங்களில் கிராணி வீட்டில் சமையலுக்கு உதவுவார். அந்தக் குடும்பம் தமிழ்நாட்டுக்குத் திரும்பியபோது, கிராணி வீட்டு அம்மா கொடுத்துவிட்டுப் போன நினைவுப் பொருள் அது. உருகி ஆறிய கட்டியைப் பாட்டி தூக்கிப் போடவில்லை. துணியில் சுற்றி அலமாரியில் வைத்துக்கொண்டார்.

பல ஆண்டுகள் கழித்து, அந்தக் கட்டி எங்கள் பள்ளியின் அறிவியல் கூடத்துக்கு வந்தது. ஏன் வந்தது என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் சொல்கிறேன். முதலில், சொம்பு ஏன் உருகியது என்று பார்ப்போம்.

ரசம் இருந்தால் உருகாது, இல்லாவிட்டால் உருகும்

ஈயத்தின் உருகுநிலை 232 டிகிரி செல்சியஸ். கேஸ் அடுப்பின் சுடரோ ஆயிரம் டிகிரியைத் தாண்டும். அப்படியானால் ரசம் கொதிக்கும்போது மட்டும் சொம்பு எப்படித் தப்புகிறது?

விடை ரசத்தில் உள்ள நீரில் இருக்கிறது. நீர் 100 டிகிரியில் கொதிக்கத் தொடங்கிய பிறகு, எவ்வளவு தீ மூட்டினாலும் அதன் வெப்பநிலை உயர்வதில்லை. கூடுதல் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிறது. சொம்பின் சுவர் தான் பெறும் வெப்பத்தை உடனுக்குடன் நீருக்குக் கடத்திவிடுவதால், அதன் வெப்பநிலையும் 100 டிகிரியைவிட அதிகம் உயர்வதில்லை. 232-ஐ எட்ட வழியே இல்லை. நீர் இல்லாவிட்டால் வெப்பம் போக இடமில்லை. சில நிமிடங்களில் சொம்பு உருகிவிடும்.

நம் பாட்டிமார்கள் உருகுநிலை அட்டவணையைப் படித்ததில்லை. ஆனால் 'முதலில் புளித்தண்ணீர், பிறகுதான் அடுப்பு' என்ற விதியை அனுபவத்தில் அறிந்திருந்தார்கள்.

ஈயம் எது? காரீயம் எது?

இங்கே ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். மலேசியாவில் நாம் 'ஈயச் சுரங்கம்', 'ஈயக் குட்டை' என்று சொல்லும்போது குறிப்பிடுவது வெள்ளீயத்தை. மலாய் மொழியில் அது 'தீமா'. ரசச் சொம்பு செய்வதும் இதே வெள்ளீயத்தில்தான்.

காரீயம் வேறோர் உலோகம். மலாயில் அதன் பெயர் 'பிளம்பும்'. கார் பேட்டரியிலும், மீன்பிடி வலையின் அடியில் கட்டும் குண்டுகளிலும் இருப்பது அதுதான். தமிழ்நாட்டில் பேச்சுவழக்கில் இரண்டையுமே 'ஈயம்' என்று சொல்வதுண்டு. இரண்டும் மென்மையானவை, இரண்டும் எளிதில் உருகுபவை, புதிதாக வெட்டினால் இரண்டும் பளபளக்கும். ஆனால் ஒன்றில் ரசம் வைக்கலாம். மற்றொன்று நஞ்சு.

இன்னொரு குழப்பம் 'தகரம்'. தோட்டத்து லயங்களின் 'தகரக் கூரை' உண்மையில் துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு. சார்டின் மீன் வரும் 'டின்' என்பது மெல்லிய ஈயப் பூச்சுக் கொண்ட எஃகுத் தகடு. பெயரை மட்டும் பார்த்து உலோகத்தை முடிவு செய்யக் கூடாது. பண்புகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கீழே சில உலோகங்களின் உருகுநிலையும் அடர்த்தியும் உள்ளன. அடர்த்தி என்பது ஒரு கன சென்டிமீட்டர் பொருளின் நிறை, கிராமில்.

ஈயம்: 232 டிகிரி, 7.3
காரீயம்: 327 டிகிரி, 11.3
துத்தநாகம்: 420 டிகிரி, 7.1
அலுமினியம்: 660 டிகிரி, 2.7
செம்பு: 1085 டிகிரி, 9.0
இரும்பு: 1538 டிகிரி, 7.9

ஈயத்துக்கும் காரீயத்துக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டைக் கவனித்துக்கொள்ளுங்கள். பின்னால் அது நமக்குத் தேவைப்படும்.

உலோகத்துக்குள்ளே என்ன நடக்கிறது?

உலோகங்களுக்குப் பொதுவான சில பண்புகள் உண்டு. அவை பளபளக்கும், வெப்பத்தையும் மின்சாரத்தையும் கடத்தும், அடித்தால் தகடாகும், இழுத்தால் கம்பியாகும். இவற்றை மனப்பாடம் செய்வதைவிட, காரணத்தைப் புரிந்துகொள்வது எளிது.

உலோகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக ஒழுங்காக அமைந்திருக்கின்றன. மளிகைக் கடையில் ஆரஞ்சுப் பழங்களை அடுக்கி வைத்திருப்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒவ்வோர் அணுவும் தன் வெளி எலெக்ட்ரான்கள் சிலவற்றைப் பொதுவில் விட்டுவிடுகிறது. அந்த எலெக்ட்ரான்கள் எந்த ஓர் அணுவுக்கும் சொந்தமில்லாமல், உலோகம் முழுவதும் சுற்றித் திரிகின்றன.

சுற்றித் திரியும் எலெக்ட்ரான்கள் மின்சாரத்தைச் சுமக்கின்றன. வெப்பத்தையும் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு செல்கின்றன. மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் பளபளப்பும் அவற்றால்தான் வருகிறது. சுத்தியலால் அடிக்கும்போது ஓர் அடுக்கு அணுக்கள் அடுத்த அடுக்கின் மேல் வழுக்கி நகர்கின்றன. ஆனாலும் பொது எலெக்ட்ரான்கள் அவற்றைச் சேர்த்தே பிடித்திருக்கும். அதனால் உலோகம் உடையாமல் வளைகிறது. உப்புக் கல்லை அடித்தால் தூளாகிவிடும். ஈயத்தை அடித்தால் தட்டையாகும்.

தூய ஈயக் கம்பி ஒன்று கிடைத்தால் அதைக் காதருகே வைத்து வளைத்துப் பாருங்கள். மெல்லிய நொறுங்கும் ஒலி கேட்கும். உள்ளே படிகங்கள் திடீரென்று இடம் மாறுவதால் எழும் ஒலி அது. 'ஈயத்தின் அழுகை' என்று அதைச் சொல்வார்கள்.

நம் மாநிலத்தின் உலோகம்

நான் கற்பிக்கும் லூமுட்டிலிருந்து படகில் போனால் சிறிது நேரத்தில் பங்கோர் தீவு. அங்கே தெலுக் கெடோங் கிராமத்தில் செங்கல்லால் ஆன ஒரு பழைய கோட்டை இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1670-இல் கட்டியது. எதற்காக? பேராக்கிலிருந்து வாங்கிய ஈயத்தைச் சேமித்து வைக்கத்தான். சுற்றுலா போகும்போது நாம் நின்று படம் எடுத்துக்கொள்ளும் அந்த இடம், ஒரு காலத்து ஈயக் கிடங்கு.

அடுத்த பெரும் திருப்பம் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. உணவை அடைத்துவைக்கும் ஈயம் பூசிய டப்பாவுக்கு 1810-இல் பீட்டர் டியூரண்ட் என்பவர் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஈயம் எளிதில் துருப்பிடிக்காது. உணவோடு சேர்ந்தாலும் பெரும் தீங்கில்லை. உருகுநிலை குறைவு என்பதால் இரும்பின் மேல் பூசுவதும் எளிது. டப்பா உணவு பெருகப் பெருக ஈயத்தின் தேவையும் பெருகியது. லாருட் பகுதியின் ஈய வயல்களுக்காக மோதல்கள் மூண்டன. அதன் தொடர்ச்சியாக, 1874 ஜனவரி 20-ஆம் நாள் பங்கோர் அருகே புளூட்டோ என்னும் கப்பலில் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. வரலாற்றுப் பாடத்தில் நீங்கள் படிக்கும் அந்த ஒப்பந்தத்தின் பின்னால் இருந்த முக்கியமான காரணங்களுள் ஒன்று, 232 டிகிரியில் உருகும் இந்த உலோகம்.

ஈயம் மண்ணில் தூய உலோகமாகக் கிடைப்பதில்லை. ஆக்சிஜன் என்னும் உயிர்வளியோடு சேர்ந்து, கேசிட்டரைட் என்ற கருமையான கனிமமாகக் கிடைக்கிறது. கிந்தா பள்ளத்தாக்கில் அது ஆற்று மணலோடு கலந்து கிடந்தது. மணலின் அடர்த்தி ஏறக்குறைய 2.6, கேசிட்டரைட்டின் அடர்த்தி ஏறக்குறைய 7. எனவே 'டூலாங்' என்னும் மரத்தட்டில் மணலை அள்ளி, நீரில் சுழற்றிச் சுழற்றி அலசினால், லேசான மணல் வழிந்துபோகும்; கனமான ஈயத்தாது தட்டின் நடுவில் தங்கும். முட்டிவரை நீரில் நின்று டூலாங் அலசிய பெண்கள் அடர்த்தி வேறுபாட்டைக் கொண்டே பிழைப்பு நடத்தினார்கள்.

அதையே பேரளவில் செய்தவை ஈயவாரிக் கப்பல்கள். பத்து காஜாவை அடுத்த தஞ்சோங் துவாலாங்கில் டிடி5 என்ற கப்பல் இன்றும் நிற்கிறது. 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை வேலை செய்தது. எடை 4500 டன். வாளிகள் கோத்த நீண்ட சங்கிலியால் குட்டையின் அடியிலிருந்து மண்ணை வாரி, உள்ளேயே சலித்துத் தாதுவைப் பிரித்தது.

தாதுவைக் கரியோடு சேர்த்து ஆயிரம் டிகிரிக்கு மேல் சூடாக்கினால், கரி தாதுவிலுள்ள உயிர்வளியைப் பறித்துக்கொள்ளும். உருகிய ஈயம் மிஞ்சும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் உலகம் பயன்படுத்திய ஈயத்தில் ஏறக்குறைய பாதி மலாயாவிலிருந்து சென்றது. இந்தியாவுக்கும் நம் ஈயம் போனது. கிராணி வீட்டு அம்மாவின் சொம்பில் இருந்த ஈயம்கூட முதலில் கிந்தாவில் தோண்டப்பட்டதாக இருக்கலாம்!

1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது. விலையைத் தாங்கிப் பிடித்திருந்த அனைத்துலக ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்துபோனது. லண்டன் சந்தையில் ஈய வாணிபமே நிறுத்தப்பட்டது. பேராக்கில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. குட்டைகள் மிஞ்சின. இன்று அவற்றில் மீன் வளர்க்கிறார்கள்.

கலந்தால் என்ன ஆகும்?

தூய உலோகங்கள் பெரும்பாலும் மென்மையானவை. காரணம் நாம் மேலே பார்த்ததுதான்: ஒரே அளவுள்ள அணுக்களின் அடுக்குகள் எளிதில் வழுக்கும். அவற்றுக்கிடையே வேறு அளவுள்ள அணுக்களைச் சேர்த்தால் என்ன ஆகும்? ஆரஞ்சு அடுக்கில் ஆங்காங்கே ஓர் எலுமிச்சையும் ஒரு பம்பளிமாசும் செருகியதுபோல் ஆகிவிடும். அடுக்குகள் முன்போல் வழுக்க முடியாது. உலோகம் கடினமாகிறது. இப்படி ஓர் உலோகத்தோடு வேறு தனிமங்களைச் சேர்த்து உருவாக்குவதே உலோகக் கலவை.

செம்பு மென்மையானது, ஈயம் அதைவிட மென்மையானது. ஆனால் இரண்டையும் சேர்த்தால் இரண்டையும்விடக் கடினமான வெண்கலம் கிடைக்கிறது! இரண்டு மென்மைகள் சேர்ந்து ஒரு கடினம் பிறப்பதை முதன்முதலில் கண்டவர்கள் எவ்வளவு வியந்திருப்பார்கள்!

எவ்வளவு சேர்க்கிறோம் என்பதும் முக்கியம். செம்போடு ஏறக்குறைய 10 விழுக்காடு ஈயம் சேர்த்தால், கருவிகளுக்கும் சிலைகளுக்கும் ஏற்ற வெண்கலம். 20 விழுக்காட்டைத் தாண்டினால் தட்டும்போது நீண்ட நேரம் ஒலிக்கும். அது மணி வார்க்க ஏற்றது. 33 விழுக்காட்டளவில் சேர்த்தால் வெள்ளிபோல் வெளுத்து, கண்ணாடிபோல் பளபளக்கும். ஆனால் கீழே விழுந்தால் உடையும். கேரளத்தின் புகழ்பெற்ற ஆரன்முளைக் கண்ணாடி அப்படிப்பட்ட கலவைதான். அதே இரு உலோகங்கள். அளவு மட்டுமே வேறு.

வெண்கலம் தூய செம்பைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும். அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நன்றாகப் பாயும். சோழர் காலச் சிற்பிகள் மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்த்தார்கள். கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் இன்றும் அதே முறையில் சிலைகள் செய்கிறார்கள்.

நம் நாட்டின் புகழ்பெற்ற பியூட்டர் பொருள்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஈயம்தான். சிறிதளவு செம்பும் ஆண்டிமனியும் சேர்ப்பதால் கோப்பை நெளியாமல் நிற்கிறது. 1885 முதல் கோலாலம்பூரில் தொடர்ந்துவரும் ராயல் சிலாங்கூர் நிறுவனம் இதற்குப் பெயர் பெற்றது.

கைப்பேசிக்குள்ளும் ஈயம் உண்டு. மின்சுற்றுப் பலகையில் பாகங்களை ஒட்டும் பற்றாசு ஓர் ஈயக் கலவை. 63 பங்கு ஈயமும் 37 பங்கு காரீயமும் சேர்ந்த பழைய பற்றாசு 183 டிகிரியிலேயே உருகும். இரு உலோகங்களின் உருகுநிலைகளையும்விட இது குறைவு என்பதைக் கவனியுங்கள். காரீயத்தின் நச்சுத்தன்மை காரணமாக, 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியம் பெரும்பாலான மின்னணுப் பொருள்களில் இதற்குத் தடை விதித்தது. இப்போது ஈயத்தோடு சிறிது வெள்ளியும் செம்பும் சேர்த்த பற்றாசைப் பயன்படுத்துகிறார்கள். அது உருக ஏறக்குறைய 217 டிகிரி வேண்டும்.

லூமுட் கரையில் ஒரு பாடம்

போன தவணை, என் மாணவன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், என் மோட்டார் சைக்கிள் ரெண்டு வருஷத்துல துருப்பிடிச்சுப் போச்சு. கடற்படைக் கப்பலெல்லாம் வருஷக்கணக்கா கடல்லயே கிடக்குது, ஏன் துருப்பிடிக்கல?"

கப்பலும் துருப்பிடிக்கும். அதைத் தடுக்கத்தான் ஓயாத வேலை நடக்கிறது. எஃகு என்பது இரும்போடு சிறிதளவு கரிமம் சேர்ந்த கலவை. வலிமை மிகுந்தது, விலை குறைந்தது. ஆனால் நீரும் உயிர்வளியும் பட்டால் துருப்பிடிக்கும். உப்புநீர் அதை இன்னும் விரைவுபடுத்தும். எனவே முதலில் சாயம் பூசுகிறார்கள். அது மட்டும் போதாது. கப்பலின் அடியில், நீருக்குள் இருக்கும் பகுதியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறார்கள். துத்தநாகம் இரும்பைவிட எளிதில் எலெக்ட்ரான்களை இழக்கும் உலோகம். கடல்நீரில் அது முதலில் கரைந்து, இரும்பைக் காக்கிறது. கட்டி கரைந்து தேய்ந்ததும் புதிய கட்டியை மாற்றுவார்கள்.

அருகிலுள்ள படகுத்துறைக்குப் போய் மீன்பிடிப் படகைக் கரையேற்றிப் பழுதுபார்க்கும்போது பாருங்கள். சுக்கானுக்குப் பக்கத்தில் அரித்துப்போன சாம்பல் நிறக் கட்டி தெரியும். மஞ்சள் நிறத்தில் இருக்கும் உந்துவிசிறி பெரும்பாலும் வெண்கல அல்லது பித்தளை வகைக் கலவை; உப்புநீரைத் தாங்கும். வீட்டு எவர்சில்வர் பாத்திரத்தில் இரும்போடு ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியம் இருக்கிறது. அந்தக் குரோமியம் உயிர்வளியோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக மேலே படிந்து, உள்ளிருக்கும் இரும்பைக் காக்கிறது.

ஆக, எந்த உலோகத்தோடு எதைச் சேர்க்கிறோம் என்பது நம்மைக் காக்கவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். கெடுத்த கதையை இப்போது சொல்கிறேன்.

புதுச் சொம்பு

கடந்த தீபாவளிக்கு முன் என் அம்மா ஒரு கடையில் புதிய ஈயச் சொம்பு வாங்கிவந்தார். பாட்டிக்கு இப்போது 84 வயது. அவரைவிட மகிழ்ந்தவள் என் நான்கு வயது மகள். அவளுக்கு ரசம் சோறு என்றால் போதும், வேறெதுவும் வேண்டாம்.

சில மாதங்கள் கழித்து, படிவம் 4 வகுப்பில் உலோகக் கலவை பாடத்தின்போது இந்தச் சொம்பைப் பற்றிப் பேசினேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "டீச்சர், அது சுத்தமான ஈயம்தான்னு எப்படித் தெரியும்?"

எனக்கு விடை தெரியவில்லை. பத்து ஆண்டுகளாக அடர்த்தி பாடம் நடத்துகிறேன். என் அடுப்படியில் இருக்கும் பாத்திரத்தை ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. மறுநாளே சொம்பையும், பாட்டி சுற்றிவைத்திருந்த பழைய கட்டியையும் பள்ளிக்குக் கொண்டுபோனேன்.

நாங்கள் செய்தது மிக எளிய சோதனை. முதலில் பொருளை மின்தராசில் வைத்து நிறையை அளந்தோம். பிறகு தராசின் மேல் நீர் நிறைந்த வாளியை வைத்து, தராசைச் சுழியமாக்கினோம். பொருளை நூலில் கட்டி, வாளியின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் நீருக்குள் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிட்டோம். அப்போது தராசு காட்டும் கிராம் அளவே பொருளின் கன அளவு, கன சென்டிமீட்டரில். பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அந்த நீரின் எடைக்குச் சமமான விசையால் நீர் அதை மேல்நோக்கித் தள்ளுகிறது. பொருளும் அதே விசையால் நீரைக் கீழ்நோக்கித் தள்ளுகிறது. ஆர்க்கிமிடிஸ் கண்டுபிடித்த விதிதான் இது. ஒரு கன சென்டிமீட்டர் நீரின் நிறை ஒரு கிராம் என்பதால், கிராம் அப்படியே கன சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது.

பாட்டியின் பழைய கட்டி: நிறை 412 கிராம், கன அளவு 56. அடர்த்தி 7.4. தராசில் ஒரு கிராம் கூடலாம், குறையலாம் என்று வைத்துக்கொண்டால் விடை 7.2-க்கும் 7.5-க்கும் இடையில் இருக்கும். தூய ஈயத்தின் 7.3 அதற்குள் அடங்குகிறது.

புதுச் சொம்பு: நிறை 498 கிராம், கன அளவு 61. அடர்த்தி 8.2. மூன்று முறை அளந்தோம். சொம்புக்குள் காற்றுக்குமிழி தங்கவில்லை என்று உறுதி செய்தோம். விடை மாறவில்லை. தூய ஈயமாக இருந்திருந்தால் கன அளவு 68 வந்திருக்க வேண்டும். ஏழு கன சென்டிமீட்டர் குறைவு தராசின் பிழை இல்லை.

வகுப்பே அமைதியானது. ஈயத்தைவிடக் கனமான ஏதோ ஒன்று அதில் கலந்திருக்கிறது. என்ன அது? ஒருவன் "செம்பாக இருக்கலாமே" என்றான். நல்ல கேள்வி. கணக்குப் போட்டோம். செம்பு மட்டும் என்றால் பாதிக்கு மேல் செம்பாக இருக்க வேண்டும். அவ்வளவு செம்பு கலந்தால் அது கடினமாகவும் உடையக்கூடியதாகவும் ஆகிவிடும். எங்கள் சொம்போ விரலால் அழுத்தினாலே நெளிந்தது. காரீயம் என்றால் ஏறக்குறைய 30 விழுக்காடு போதும், மென்மையும் பொருந்துகிறது. இதை முற்றாக உறுதிப்படுத்த ஆய்வகச் சோதனை தேவை. ஆனால் அதில் இனிச் சமைக்கக் கூடாது என்று முடிவெடுக்க எங்கள் வாளியும் தராசும் போதுமானவையாக இருந்தன.

காரீயம் ஏன் ஆபத்தானது?

காரீயம் ஈயத்தைவிட மலிவு. அதனால்தான் கலப்படம் செய்யத் தோன்றுகிறது. புளியிலும் தக்காளியிலும் உள்ள அமிலம் காரீயத்தைச் சிறிது சிறிதாகக் கரைத்து உணவில் சேர்க்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உடலுக்குள் போன காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று உடல் தவறாக எண்ணி, எலும்பில் சேமித்துக்கொள்ளும். அங்கே அது பல ஆண்டுகள் தங்கும். வளரும் குழந்தைகளின் மூளையை அது அதிகம் பாதிக்கிறது. கற்கும் ஆற்றலைக் குறைக்கிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

தொடக்கத்தில் எந்த அறிகுறியும் தெரியாது. இரத்தப் பரிசோதனைதான் வழி. மகளை அந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போனேன். முடிவு வரும்வரை எனக்குத் தூக்கமில்லை. பயப்படும்படி ஒன்றுமில்லை என்றும், சொம்பை உடனே நிறுத்தியது நல்லது என்றும், சில மாதங்கள் கழித்து மீண்டும் பரிசோதிக்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார்.

பழைய கட்டியைப் பற்றி மாணவர்கள் மகிழ்ச்சியோடு "பாட்டி சொம்பு சுத்தம்!" என்று முடிவு கட்டினார்கள். நான் அவர்களை நிறுத்தினேன். நூறு கிராமில் 5 கிராம் காரீயம் கலந்திருந்தாலும் அடர்த்தி 7.4-தான் வரும். எங்கள் தராசால் அதைத் தூய ஈயத்திலிருந்து பிரித்தறிய முடியாது. ஆனால் அந்த 5 கிராமும் உடலுக்குக் கெடுதல்தான். எனவே இந்தச் சோதனை 'இது மோசம்' என்று சொல்லும். 'இது நல்லது' என்று சான்றிதழ் தராது. ஒரு சோதனையால் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்று தெரிந்துகொள்வதும் அறிவியல்தான்.

வீட்டில் செய்து பாருங்கள்

தேவையானவை: சமையலறை மின்தராசு, வாளி அல்லது பெரிய பாத்திரம், நூல், நீர். தராசு தாங்கும் எடையை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பித்தளைப் பூட்டு, ஓர் எவர்சில்வர் கரண்டி, ஓர் இரும்பு நட்டு ஆகியவற்றின் நிறையையும் கன அளவையும் மேலே சொன்ன முறையில் அளந்து, அடர்த்தியைக் கணக்கிட்டு மேலேயுள்ள பட்டியலோடு ஒப்பிடுங்கள். சிறிய பொருள் என்றால் பத்துப் பன்னிரண்டைச் சேர்த்து அளந்தால் பிழை குறையும். பூட்டின் விடை எதிர்பார்த்தபடி வராவிட்டால், அதற்குள் காற்றிருக்கிறதா, இரும்புப் பாகம் இருக்கிறதா என்று சிந்தியுங்கள்.

எதையும் உருக்கிப் பார்க்க வேண்டாம். வீட்டில் ஈயச் சொம்பு இருந்தால், விற்றவரிடம் அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேளுங்கள். ஐயம் இருந்தால் அதில் புளிப்பான உணவைச் சமைக்காதீர்கள்.

பாட்டியின் கட்டி இப்போது எங்கள் அறிவியல் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. புதுச் சொம்பு அதன் பக்கத்தில், 'சமையலுக்கு அல்ல' என்ற சீட்டோடு நிற்கிறது. வீட்டில் எவர்சில்வர் பாத்திரத்தில்தான் ரசம் கொதிக்கிறது. மகள் வழக்கம்போல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிடுகிறாள். பாட்டி மட்டும் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "எல்லாம் சரிதான்டி, ஆனா அந்த மணம் இல்லையே" என்கிறார். அதற்கு மட்டும் நான் இன்னும் விடை கண்டுபிடிக்கவில்லை.